பெர்லின் சுவருக்கு எத்தனை புள்ளி?

2000-இன் உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக்கிடம் காஸ்பரோவைத் தோற்கடித்தது பெர்லின் தடுப்பு என்ற தொடக்கம்தான் என்று சதுரங்கம் ஆடுகிறவர்கள் சொல்வது வழக்கம். நானும் நெடுநாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன். ஒருநாள் அந்தப் போட்டியின் 15 ஆட்டங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இந்த இருவரும் மோதினால் எவ்வளவு கிடைத்திருக்க வேண்டும் என்ற எண்ணையும் குறித்துக் கூட்டிப் பார்த்தேன். கதை கணக்கில் நிற்கவில்லை. முழுப் பொய் என்றும் ஆகவில்லை. அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நடந்தது இது. 2000 அக்டோபரில் தொடங்கி நவம்பர் 2 வரை லண்டனில் கேரி காஸ்பரோவும் விளாடிமிர் கிராம்னிக்கும் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். 16 ஆட்டங்கள் என்று ஏற்பாடு, 15-இலேயே முடிந்துவிட்டது. வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி என்ற கணக்கில் கிராம்னிக் 8.5, காஸ்பரோவ் 6.5. 1985 முதல் பட்டத்தை வைத்திருந்தவர் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. நடப்புச் சாம்பியன் ஒருவர் ஒரு வெற்றியும் இல்லாமல் பட்டத்தைப் பறிகொடுத்தது, 1921-இல் கபபிளாங்காவிடம் லாஸ்கர் தோற்றதற்குப் பிறகு அப்போதுதான்.

காஸ்பரோவ் வெள்ளைக் காய்களோடு ஆடிய ஆட்டங்கள் எட்டு. அவற்றில் 1, 3, 9, 13 ஆகிய நான்கில் கிராம்னிக் பெர்லின் தடுப்பை ஆடினார். இரு பக்கமும் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள், குதிரைகள் வெளியே வருகின்றன, வெள்ளையின் மந்திரி கறுப்புக் குதிரையைக் குறிவைக்கிறது. இந்தத் தொடக்கத்துக்குப் பெயர் ருய் லோபஸ். கறுப்பு அதைச் சட்டைசெய்யாமல் அடுத்த குதிரையையும் வெளியே எடுத்தால் அது பெர்லின். வெள்ளை கோட்டை கட்டுகிறது, கறுப்புக் குதிரை நடுச் சிப்பாயை வெட்டுகிறது, இன்னும் சில வெட்டு, பதில் வெட்டு. எட்டாவது நகர்த்தலில் ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போய்விடுகின்றன. கறுப்பு ராஜாவுக்குக் கோட்டை கட்டும் உரிமை போய்விட்டது, ஒரே வரிசையில் இரண்டு சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்க்க அசிங்கமான நிலைதான். ஆனால் கறுப்பிடம் இரண்டு மந்திரிகளும் இருக்கின்றன, உள்ளே நுழையத் துளை எதுவும் இல்லை. ‘பெர்லின் சுவர்’ என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நான்கு ஆட்டங்களும் இந்த நிலையைத் தொட்டன. நான்கும் டிரா.

இப்போது ஒரு தரவுத்தளம் இதை எப்படிக் காட்டும் என்று பாருங்கள். ஆட்டங்கள் 4, வெள்ளைக்கு 50 சதவீதம். பொதுவாக உயர்மட்ட ஆட்டங்களில் வெள்ளை எடுப்பது ஏறத்தாழ 55 சதவீதம். (ஸ்ட்ரீட்டர் என்பவர் 1946-இல், 1851 முதல் 1932 வரை நடந்த 5,598 ஆட்டங்களை எடுத்துக் கணக்கிட்டபோது கிடைத்தது 53.4. நூறு ஆண்டில் பெரிதாக ஒன்றும் அசையவில்லை.) அப்படியானால் பெர்லின் வெள்ளையின் சாதகத்தை அழித்துவிடுகிறது, அவ்வளவுதான், என்று முடித்துவிடலாம். பெரும்பாலான தொடக்கப் புள்ளிவிவரங்களை நாம் வாசிப்பது இப்படித்தான். வெற்றி, டிரா, தோல்வி என ஒரு பட்டையில் மூன்று நிறம், பக்கத்தில் ஒரு சதவீதம். யார் ஆடினார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை.

யார் ஆடினார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கும் கருவி நம் கையிலேயே இருக்கிறது. அர்பாத் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வடிவமைத்த, ஆட்டக்காரரின் பலத்தை ஓர் எண்ணாகச் சொல்லும் ரேட்டிங் முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்டது. அந்த எண்ணை நாம் பெருமைக்கும் வருத்தத்துக்கும் பயன்படுத்துகிறோமே தவிர, அதன் உண்மையான வேலை முன்கணிப்பு. எதிராளியின் ரேட்டிங்கிலிருந்து நம்முடையதைக் கழித்து, 400-ஆல் வகுத்து, 10-இன் அடுக்காக ஏற்றி, ஒன்றோடு கூட்டித் தலைகீழாக்கினால் எதிர்பார்க்கும் புள்ளி வந்துவிடும். சமமானவர்கள் என்றால் 0.50. நூறு புள்ளி மேலே இருப்பவருக்கு 0.64. இருநூறு என்றால் 0.76. வெள்ளை எடுப்பதன் மதிப்பையும் இதே மொழியில் சொல்லிவிடலாம்: 55 சதவீதம் என்பது 35 ரேட்டிங் புள்ளிக்குச் சமம். ஆக, வெள்ளையாடுபவரின் ரேட்டிங்கோடு 35-ஐக் கூட்டிக்கொண்டு கணக்கைத் தொடங்கலாம்.

அப்போது காஸ்பரோவின் ரேட்டிங் 2849. கிராம்னிக் அவருக்கு ஏறத்தாழ 80 புள்ளி கீழே. வெள்ளைக்கான 35-ஐயும் சேர்த்தால் 115 வித்தியாசம், எதிர்பார்ப்பு 0.66. நான்கு ஆட்டங்களில் காஸ்பரோவுக்கு 2.64 புள்ளி வந்திருக்க வேண்டும், வந்தது 2. கிராம்னிக்குக்குக் கிடைக்க வேண்டியது 1.36, கிடைத்தது 2. மிச்சம் 0.64. வெறும் சதவீதத்தில் ஆட்டத்துக்கு 5 சதவீதமாகத் தெரிந்த லாபம், ஆட்களின் பலத்தைக் கழித்தவுடன் 16 சதவீதமாக வளர்ந்துவிட்டது. பெர்லின் புகழ் பாடுகிறவர்களுக்கு நல்ல செய்தி. கொஞ்ச நேரத்துக்கு.

இந்தக் கழித்தல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ‘க’, ‘ச’ என்று வெள்ளைக்கு இரண்டு தொடக்கங்கள். ‘க’வை 100 பேர் ஆடுகிறார்கள், அவர்களில் 80 பேர் எதிராளியைவிட 200 புள்ளி பலமானவர்கள், 20 பேர் 200 புள்ளி பலவீனமானவர்கள். ‘ச’வில் இது தலைகீழ். ‘க’ பலமானவர் கையில் 76 சதவீதமும் பலவீனமானவர் கையில் 22 சதவீதமும் எடுக்கிறது. ‘ச’ அதே வரிசையில் 80, 28. எந்தக் கையில் இருந்தாலும் ‘ச’தான் மேல். ஆனால் மொத்தமாகக் கூட்டினால் ‘க’வுக்கு 65 சதவீதம், ‘ச’வுக்கு 38. தரவுத்தளத்தைப் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ‘க’வைத் தேர்ந்தெடுப்பார். எலோ கணக்கைப் போட்டுப் பார்த்தால், வெள்ளைக்கான 35-ஐயும் சேர்த்து, ஏறத்தாழ 80-உம் 28-உம்தான் இயல்பாக வரவேண்டியவை. ‘ச’ ஒரு சாதாரணத் தொடக்கம், ‘க’ பலமானவர்களின் தோளில் ஏறி வந்த ஒரு மட்டமான தொடக்கம். புள்ளியியலில் இதற்குச் சிம்சன் முரண் என்று பெயர்.

நிஜத்தில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. ஆட்கள் தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதே எதிரே இருப்பவரைப் பார்த்துத்தான். தன்னைவிடப் பலவீனமானவரை வென்றே ஆகவேண்டும் என்று கறுப்பை ஆடுபவர் சிக்கலான சிசிலியன் தொடக்கத்துக்குப் போவார். பலமானவரிடம் டிரா கிடைத்தால் போதும் என்பவர் ராணிகளைச் சீக்கிரம் மாற்றிக்கொள்ளும் வழியைத் தேடுவார். எனவே உறுதியான தொடக்கங்களின் சதவீதம் எப்போதும் சற்றுக் குறைவாகவும் சிக்கலானவற்றின் சதவீதம் சற்று உப்பியும் தெரியும். தொடக்கத்தின் குணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம்.

சரி, 0.64-க்குத் திரும்புவோம். இது பெரிதா, சிறிதா?

ஓர் ஆட்டத்தின் முடிவு எவ்வளவு அலையும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. எதிர்பார்ப்பை, ஒன்றிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்து வருவதோடு பெருக்கி, அதிலிருந்து டிரா விகிதத்தில் கால் பங்கைக் கழித்தால் மாறுபாடு. அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம். இந்த மட்டத்தில் பாதி ஆட்டங்கள் டிரா என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 0.315 வருகிறது. நான்கு ஆட்டங்களுக்கு அதன் இரண்டு மடங்கு, 0.63. கிராம்னிக்கின் மிச்சம் 0.64. சரியாக ஒரு திட்ட விலக்கம். பெர்லினில் எந்த மந்திரமும் இல்லாவிட்டால்கூட, இப்படி ஒரு முடிவு ஆறு தடவைக்கு ஒருமுறை தானாகவே வந்துவிடும். இதை வைத்துக்கொண்டா ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் பெர்லினுக்கு மாறினார்கள்?

என்னை உண்மையிலேயே நிறுத்தியது அடுத்த வரி. பெர்லின் ஆடப்படாத மற்ற நான்கு வெள்ளை ஆட்டங்கள். 5-ஆவதிலும் 7-ஆவதிலும் காஸ்பரோவ் ராஜா முன் சிப்பாயைத் தொடாமல் இங்கிலீஷ் தொடக்கத்துக்குப் போனார். 11-ஆவது ருய் லோபஸின் வேறொரு கிளை. 15-ஆவது ஸ்காட்ச் தொடக்கம். முடிவுகள்: டிரா, டிரா, டிரா, டிரா. அதே இருவர், அதே வாரங்கள், அதே மேசை, அதே காய் நிறம். எதிர்பார்ப்பு அதே 2.64, கிடைத்தது அதே 2. பெர்லின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காஸ்பரோவ் ஆட்டத்துக்கு 0.16 புள்ளி இழந்திருக்கிறார். ஒரு மருந்தைச் சோதிக்கும்போது மருந்து கொடுக்காத குழு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். லண்டனில் அது தானாகவே அமைந்துவிட்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கறுப்பாடிய 7 ஆட்டங்கள் இன்னும் சங்கடம். ஐந்து டிரா, இரண்டு தோல்வி. 2-ஆவதில் குரூன்ஃபெல்ட் தொடக்கத்தில் தோற்றார், 10-ஆவதில் நிம்சோ-இந்தியன் தொடக்கத்தில். கறுப்பு என்பதால் 35-ஐக் கழித்தாலும் அவருக்கு ஆட்டத்துக்கு 0.56 எதிர்பார்க்கலாம், ஏழுக்கு 3.95. கிடைத்தது 2.5. இழப்பு 1.45, அதாவது ஆட்டத்துக்கு 0.21. கிராம்னிக் பெர்லினை ஆடவே வாய்ப்பில்லாத ஆட்டங்களில்தான் காஸ்பரோவ் அதிகம் கோட்டை விட்டிருக்கிறார். சதுரங்கத்தில் கோட்டை விடுவது என்ற சொல்லுக்குக் கிடைத்த பொருத்தமான இடம் இது.

மொத்தத்தில் 15 ஆட்டங்களில் 9.2 வரவேண்டிய இடத்தில் 6.5. இங்கே ஏதோ நடந்திருக்கிறது. இரண்டு திட்ட விலக்கத்துக்கும் சற்று மேலே போகிறது. ஆனால் அது எல்லாத் தொடக்கங்களிலும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. அந்த இலையுதிர் காலத்தில் கிராம்னிக் தன் ரேட்டிங்கைவிடப் பலமாக இருந்தார், அல்லது காஸ்பரோவ் பலவீனமாக இருந்தார், அல்லது இரண்டும். ரேட்டிங் என்பது கடந்த காலத்தின் சராசரி, இன்றைய வலிமையைப் பின்னாலிருந்து துரத்திக்கொண்டுதான் வரும். வளரும் ஆட்டக்காரர்கள் எந்தத் தொடக்கத்தை ஆடினாலும் அது நல்ல தொடக்கமாகத் தெரிவது இதனால்தான். இருவரும் லண்டனில் உண்மையில் சமம் என்று வைத்துக்கொண்டால், வெள்ளையின் எதிர்பார்ப்பு 0.55-ஆக இறங்கிவிடும், பெர்லினின் மிச்சம் 0.64-இலிருந்து 0.2-ஆகச் சுருங்கிவிடும். ரேட்டிங்கைக் கழிப்பது நல்ல பழக்கம்தான். கழிக்கும் எண்ணிலேயே பிழை இருந்தால் அந்தப் பிழை முழுவதும் தொடக்கத்தின் கணக்கில் போய் விழும்.

ரேட்டிங் திருத்தத்துக்குள் இன்னொரு வலை இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள எனக்கே நாளானது. ஒருவர் ராஜா முன் சிப்பாய்க்கு எதிராக எப்போதும் ஒரே தொடக்கத்தை ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மோசமான தொடக்கம். ஒவ்வோர் ஆட்டத்திலும் அவருக்குக் கொஞ்சம் இழப்பு. அந்த இழப்பு எங்கே போகும்? அவருடைய ரேட்டிங்குக்குள்தான். 2400 பலம் உள்ளவர் அந்தத் தொடக்கத்தோடு 2380-இல் நிலைத்துவிடுவார். பிறகு நாம் வந்து 2380-க்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம், எவ்வளவு எடுத்தார் என்று கழித்துப் பார்த்தால், மிச்சம் கிட்டத்தட்டப் பூஜ்யம். தொடக்கத்தில் குறையே இல்லை என்று கணக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடும். விசுவாசமான ஆட்டக்காரர்களால் ஆடப்படும் தொடக்கங்கள் எல்லாமே இந்தத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாகத் தெரியும், நல்லவையும் கெட்டவையும்.

தப்பிக்க ஒரே வழி, ஒரே ஆள் இரண்டு மூன்று தொடக்கங்களை மாற்றி மாற்றி ஆடும் ஆட்டங்களைத் தேடிப் பிடித்து, அவரை அவரோடே ஒப்பிடுவது. அவர் உண்மையில் எவ்வளவு பலமானவர் என்ற கேள்வி இரண்டு பக்கத்திலும் சமமாக அடிபட்டுப் போய்விடும். லண்டனில் நான்கு பெர்லினையும் மற்ற நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது அதைத்தான். எட்டே ஆட்டங்கள் என்பதுதான் குறை. இதற்கு எவ்வளவு தேவைப்படும்? சாதாரணக் கலவையில் ஓர் ஆட்டத்தின் திட்ட விலக்கம் சுமார் 0.4. நூறு ஆட்டங்களின் சராசரியில் 4 சதவீதம் அலைச்சல் இருக்கும், 400-இல் 2, 1,600-இல் 1. இரண்டு சதவீத வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோடு பேசவே 1,600 ஆட்டங்கள் வேண்டும். 37 ஆட்டங்களில் 61 சதவீதம் என்று ஒரு கிளை மின்னுவதைப் பார்த்து அதைப் பாடமாக்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்த எண்ணைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன்.

லண்டனோடு நிறுத்தாமல், அதே ராணியில்லா நிலை வந்த பின்னாளைய உலகப் பட்ட ஆட்டங்கள் சிலவற்றையும் தாளில் சேர்த்தேன். 2013-இல் சென்னையில் 4-ஆவது ஆட்டம்: ஆனந்த் வெள்ளை, கார்ல்சன் கறுப்பு, டிரா. ஆனந்த் 2775, கார்ல்சன் 2870. எதிர்பார்ப்பு 0.41, கிடைத்தது 0.5. 2014-இல் சோச்சியில் 7, 9, 11-ஆவது ஆட்டங்கள்: மூன்றிலும் கார்ல்சன் வெள்ளை, 2863, ஆனந்த் 2792. ஏழாவது 122 நகர்த்தல்கள் இழுத்து டிரா, ஒன்பதாவது 20 நகர்த்தல்களில் டிரா, பதினொன்றாவதில் கார்ல்சன் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். எதிர்பார்ப்பு 1.94, கிடைத்தது 2.

ஆக எட்டு ஆட்டங்கள். வெள்ளை எடுத்தது 4.5, அதாவது 56 சதவீதம். உலகச் சராசரிக்கு ஒட்டியே இருக்கிறது. பெர்லின் ஒன்றும் செய்யவில்லை என்று பட்டையைப் பார்ப்பவர் சொல்லிவிடுவார். ஆனால் எட்டில் ஏழில் ரேட்டிங் கூடியவர்தான் வெள்ளை. அதைச் சேர்த்தால் 5 புள்ளி வந்திருக்க வேண்டும். கறுப்புக்கு அரைப் புள்ளி லாபம், ஆட்டத்துக்கு 6 சதவீதம். அலைச்சலோ கூட்டுத்தொகையில் 0.89. இந்த அரைப் புள்ளியை என்ன செய்வது? தூக்கி எறிவதும் தவறு, அப்படியே நம்புவதும் தவறு. பெயர்பெற்ற தொடக்கங்கள் ஒன்றுக்கொன்று 2 சதவீதம் போலத்தான் வேறுபடும் என்று முன்கூட்டியே ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டு, கையில் உள்ள எட்டு ஆட்டங்களுக்கு அதற்குரிய எடையை மட்டும் கொடுத்தால், எடை நூற்றுக்கு மூன்று. ஆறு சதவீதம் சுருங்கி 0.2 சதவீதமாகிவிடுகிறது. தாளில் நான் கடைசியில் பென்சிலால் எழுதியது அந்த 0.2-ஐத்தான். பேனாவால் எழுதக் கை வரவில்லை.

அப்படியென்றால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஏமாந்தவர்களா? அவர்கள் சதவீதத்தைப் பார்த்து மாறவில்லை என்பதுதான் என் எண்ணம். உலகின் மிகச் சிறந்த தாக்குதல்காரர், தயாரிப்பில் யாருக்கும் சளைக்காதவர், ராணியில்லாத அந்த அசிங்கமான நிலையில் நான்கு முறை முட்டி மோதியும் வழி கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை நகர்த்தல் நகர்த்தலாகப் பார்த்தார்கள். ஆட்டத்தின் உள்ளடக்கம் சொல்வது ஒரு புள்ளி, அரைப் புள்ளி, பூஜ்யம் என்ற மூன்று எண்களில் அடங்காது. இன்னொன்று: இரண்டு பெர்லின்களுக்குப் பிறகு 5-ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் தன் முதல் நகர்த்தலையே மாற்றினார். அந்த டிராவை நான் மேலே ‘பெர்லின் இல்லாத’ பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது நியாயமா? ஒரு தொடக்கத்துக்குப் பயந்து எதிராளி தனக்கு இரண்டாம்பட்சமான வழிக்குப் போனால், அந்த ஆட்டத்தில் கிடைத்ததிலும் பயமுறுத்திய தொடக்கத்துக்குப் பங்கு உண்டு. அது எந்தப் பட்டியலிலும் பதிவாகாது. என் ஒப்பீட்டுக் குழுவே சற்று மாசுபட்டது என்றும் இதைச் சொல்லலாம். சொன்னால் மறுக்க மாட்டேன்.

எட்டாவது நகர்த்தலுக்கு முன்பே இந்தச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. ராணிகளை மாற்றிக்கொள்ள விரும்பாத வெள்ளைகள் இப்போது கோட்டை கட்டாமல், ராணி முன் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி விலகிக்கொள்கிறார்கள். தொடக்கங்களின் குறியீட்டு வரிசையில் அது சி65, ராணியில்லா நிலை சி67. சென்னையில் 6-ஆவது ஆட்டத்தில் ஆனந்த் அப்படி விலகினார், கறுப்பாடிய கார்ல்சன் வென்றார். சோச்சியில் 2-ஆவது ஆட்டத்தில் கார்ல்சன் விலகினார், வெள்ளையாக வென்றார். முதலாவது கறுப்புக்கு 0.41 கூட்டுகிறது, இரண்டாவது 0.35 கழிக்கிறது. சேர்த்தாலும் விட்டாலும் என் தாளின் அடிவரி அசைவது 0.06. பெர்லின் என்று எந்த நகர்த்தலிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை முடிவு செய்யாமலேயே அந்த இரண்டு ஆட்டங்களையும் ஓரத்தில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.